முதலில் முகக் கண்ணாடி. கடைசியில் காற்றுத் தோம்பு

“ஆழம் தெரியாமல் காலை விடாதே” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆற்றுக்கும் குளத்துக்கும் சொன்ன அந்த வார்த்தையைக் கடன் வாங்குவதற்கும் சொன்னோம். கல்யாணம் பேசுவதற்கும் சொன்னோம். இப்பொழுது அதை மறுபடியும் தண்ணீருக்கே சொல்ல வேண்டிய காலம் வந்திருக்கிறது. நம் தோட்டத்துப் பிள்ளைகளில் சிலர் கடலுக்கு அடியில் போய் வரத் தொடங்கிவிட்டார்கள்!

இதில் வியப்படைய ஒன்றுமில்லை. நம் நாட்டின் கிழக்குக் கரையில் பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் என்று அழகிய தீவுகள் இருக்கின்றன. சபாவில் உள்ள சிப்பாடான் உலகப் புகழ் பெற்றது. இத்தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறைகளும், ஆமைகளும், வண்ண வண்ண மீன்களும் நிறைந்திருப்பதால், அவற்றைக் கடலுக்குள்ளேயே போய்ப் பார்க்க நாலா திசையிலிருந்தும் பயணிகள் வருகிறார்கள். பயணிகள் வந்தால் வேலையும் வரும். படகில் ஏவலாளாக, தங்கும் விடுதியில் சமையலாளாக, முக்குளிப்புக் கடையில் சாமான் தூக்கும் ஆளாக நம் பிள்ளைகளும் அங்கே போய்ச் சேருகிறார்கள். டவுனில் வேலை பார்க்கும் பிள்ளைகளோ விடுமுறைக்கு நண்பர்களோடு போய், ஒரு முறை கடலுக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு, அந்த ஆசையோடு வீடு திரும்புகிறார்கள்.

அப்புறம்தான் வீட்டில் பேச்சு ஆரம்பமாகிறது. “அம்மா, எனக்குச் சொந்தமாக ஸ்கூபா சாமான் வாங்க வேண்டும்.”

ஸ்கூபா என்றால் என்ன? மேலே உள்ள படகிலிருந்து குழாய் வழியாகக் காற்றைப் பெறாமல், தன் முதுகிலேயே காற்றைச் சுமந்துகொண்டு நீருக்குள் மூச்சுவிடும் முறைக்கு அந்தப் பெயர். 1943-ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டில் ஜாக் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் எமில் கான்யான் என்ற பொறியாளரும் சேர்ந்து இன்று வழங்கும் கருவியின் மூல வடிவத்தைச் செய்தார்கள். போர்க் காலத்தில் பெட்ரோல் கிடைக்காததால், வாயுவைக் கொண்டு மோட்டார் வண்டி ஓட்டுவதற்காகக் கான்யான் அமைத்திருந்த ஒரு வால்வுதான் அதற்கு அடிப்படை. நம் சமையலறையில் கேஸ் தோம்பின் தலையில் மாட்டுகிறோமே, அந்த ரெகுலேட்டருக்கும் இதற்கும் வேலை ஒன்றுதான்: உள்ளே அடைபட்டிருக்கும் அழுத்தத்தைக் குறைத்து, வேண்டிய அளவுக்கு வெளியே விடுவது.

ஒரு தாயின் கேள்வி

என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த மாணவன் ஒருவன் திரெங்கானு பக்கத்துத் தீவு ஒன்றில் முக்குளிப்புக் கடையில் வேலை செய்கிறான். அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர். அம்மா உரம் போடும் வேலைக்குப் போகிறவர். பையன் படகு கழுவவும் தோம்பு தூக்கவும் சேர்ந்தவன். முக்குளிப்புப் பயிற்சி பெற்று, பிறகு பயணிகளை அழைத்துச் செல்லும் வழிகாட்டியாக வேண்டும் என்பது அவன் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் அவன் எழுதிக்கொண்டு வந்த சாமான் பட்டியல் ஒரு முழத்துக்கு நீண்டிருந்தது.

2025-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் தொடங்கி நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அந்தப் பட்டியலில் உள்ளதையெல்லாம் புதிதாக வாங்கினால் அப்படிப்பட்ட சம்பளத்தில் பல மாதத்தை அது விழுங்கிவிடும். அவனுடைய தாயார் கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கத் தயாராகி, அதற்கு முன்பு என்னிடம் வந்தார்.

“வாத்தியாரே, இதுல எது வேணும், எது வேணாம்னு நீங்களே சொல்லுங்க. தண்ணிக்குள்ள போற பிள்ளைக்கு நான் காசு பார்த்தேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்துடக் கூடாது” என்றார்.

அந்த ஒரு வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை. எத்தனை பெற்றோர் மனத்தில் இந்தப் பயம் இருக்கும்! செலவைக் குறைத்தால் பிள்ளையின் உயிருக்கு ஆபத்தோ என்று அஞ்சி, கடன்பட்டாவது எல்லாவற்றையும் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் விசாரித்துப் பார்த்தால் உண்மை வேறாக இருக்கிறது. விலை கூடியதைத்தான் முதலில் வாங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சொல்லப்போனால், விலை கூடிய சாமானைப் பராமரிக்க வழியில்லாமல் வாங்கி வைப்பதுதான் ஆபத்து.

நான் பயிற்சிப் புத்தகங்களை வாங்கிப் படித்தேன். பள்ளி விடுமுறையில் அந்தத் தீவுக்கே போய், கடையையும் படகையும் பயிற்சியையும் நேரில் பார்த்தேன். அனுபவசாலிகளைக் கேட்டேன். அவர்கள் சொன்னதையெல்லாம் மூன்று கேள்விகளுக்குள் அடக்கிவிடலாம். எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் இந்த மூன்றையும் கேளுங்கள்:

இது என் உடம்புக்கு அளவு பார்த்து எடுக்க வேண்டிய பொருளா?
இது வாடகைக்கு நல்ல நிலையில் கிடைக்குமா?
இதைச் சோதித்துப் பழுது பார்க்க ஆண்டுதோறும் ஆகும் செலவை என்னால் தாங்க முடியுமா?

அளவு பார்க்க வேண்டியதை முதலில் வாங்க வேண்டும். வாடகைக்குக் கிடைப்பதைப் பிறகு வாங்கலாம். பராமரிக்க முடியாததை வாங்கவே கூடாது. இவ்வளவுதான் கணக்கு.

சாமானுக்கு முன்னால் பயிற்சி

பட்டியலில் எழுதப்படாத ஒன்று எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறது. அதுதான் பயிற்சி. கையில் இருக்கும் முதல் வெள்ளி அதற்குத்தான் போக வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். நீருக்குள் 10 மீட்டர் இறங்கினால் நம் உடம்பின் மேல் உள்ள அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்காகிறது. 20 மீட்டரில் மூன்று மடங்கு; 30 மீட்டரில் நான்கு மடங்கு. 10 மீட்டர் ஆழத்தில் ஒருவர் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று இரு மடங்காக விரியும். நுரையீரல் அதைத் தாங்காது, கிழிந்துவிடும். ஒன்றரை மீட்டர் ஆழமே இதற்குப் போதும் என்கிறார்கள். ஆகவே ஸ்கூபாவில் முதல் பாடம்: மூச்சை ஒருபோதும் அடக்காதே. நம் தோட்டத்து ஆற்றில் மூச்சடக்கி மூழ்கிப் பழகிய பிள்ளைக்கு இது நேர்மாறான பாடம் அல்லவா? “எனக்குத்தான் நன்றாக நீந்தத் தெரியுமே” என்று சொல்லும் பிள்ளைக்குத்தான் இந்தப் பயிற்சி அதிகம் தேவை.

பெரிய பயிற்சி நிறுவனங்களின் விதிப்படி 10 வயதிலிருந்தே சிறுவர்களுக்கான பாடம் உண்டு. முதல் படியில் தேறிய பெரியவர் 18 மீட்டர் ஆழம் வரை போகலாம். பயிற்சிக்குச் சேரும்போது உடல்நலத்தைப் பற்றி ஒரு கேள்வித்தாள் கொடுப்பார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இருதயக் கோளாறு, காதில் சீழ் வடிதல் போன்றவை உண்டா என்று அதில் கேட்டிருக்கும். பயிற்சி கிடைக்காமல் போய்விடுமோ என்று எண்ணி ‘இல்லை’ என்று எழுதிவிட வேண்டாம். டாக்டரிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகு போனால் நட்டம் ஒன்றுமில்லை.

இன்னொன்று. பயிற்சிக் கட்டணத்துக்குள் பெரும்பாலும் சாமான் வாடகையும் அடங்கிவிடும். அதனால் பயிற்சிக்கு முன்பே எதையும் வாங்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. நான்கைந்து வகைச் சாமான்களை மாட்டிப் பார்த்த பிறகு, நம் உடம்புக்கு எது ஒத்து வருகிறது என்று நமக்கே தெரிந்துவிடும்.

முதலில் முகக் கண்ணாடி

கடையில் மாஸ்க் என்று கேட்க வேண்டும். கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடும் கண்ணாடி இது. சொந்தமாக வாங்க வேண்டியவற்றில் இதற்குத்தான் முதலிடம். ஏனென்றால் ஒருவர் முகம்போல் ஒருவர் முகம் இருப்பதில்லை. வாடகைக் கண்ணாடி ஒருவருக்குப் பொருந்தும், மற்றவருக்கு ஒழுகும். முகத்துக்குள் தண்ணீர் புகுந்தால் புதிதாகக் கற்கும் பிள்ளை பதறும். பதற்றம்தான் நீருக்கடியில் முதல் எதிரி.

நீச்சல் குளத்துக்குப் போடும் சிறு கண்ணாடி இதற்கு உதவாது. அதில் மூக்கு வெளியே இருக்கிறது. ஆழத்தில் அழுத்தம் கூடும்போது கண்ணாடிக்குள் இருக்கும் காற்று சுருங்கி, கண்களைப் பிடித்து இழுக்கும்; கண்ணுக்குள் இரத்தம் கட்டிக்கொள்ளும். மூக்கு உள்ளே இருந்தால், மூக்கால் கொஞ்சம் காற்றை ஊதி அதைச் சரிப்படுத்திக்கொள்ளலாம்.

வாங்கும்போது இப்படிச் சோதியுங்கள். வாரைத் தலையில் மாட்டாமல், கண்ணாடியை மட்டும் முகத்தில் பொருத்துங்கள். நெற்றியில் விழும் முடியை ஒதுக்கிவிடுங்கள். மூக்கால் மெல்ல இழுத்து, கையை விடுங்கள். கண்ணாடி விழாமல் முகத்தோடு ஒட்டி நின்றால் அது உங்களுக்கு உரியது. விழுந்தால், எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். மீசை வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு இது கொஞ்சம் சிரமம்தான். மீசைக்கும் ஓரத்துக்கும் நடுவில் நீர் கசியும். ஓரப்பகுதி மென்மையான சிலிக்கோனாக இருக்கட்டும். கண்ணாடி, உடைந்தாலும் கூராகச் சிதறாத உறுதியாக்கிய வகையாக இருக்கட்டும். கிட்டப்பார்வை உள்ளவர்கள் பார்வைக் கண்ணாடி பதித்ததையே வாங்கலாம்.

நல்ல முகக் கண்ணாடி சில நூறு வெள்ளிக்குள் கிடைக்கும். மற்றச் சாமான்களின் விலையோடு பார்த்தால் இது சிறிய தொகை. ஆனால் இது கொடுக்கும் நிம்மதி பெரியது. இதோடு, நீர்மட்டத்தில் மிதந்தபடியே மூச்சுவிட உதவும் ஸ்நோர்கல் குழாயையும் சேர்த்து வாங்கிவிடலாம்.

இரண்டாவது கால், மூன்றாவது தோல்

அடுத்து, ஃபின் என்னும் துடுப்புச் செருப்பு. இதில் இரண்டு வகை. பாதம் முழுதும் நுழையும் வகை ஒன்று. வெறுங்காலோடு போடலாம், விலை குறைவு, நம் வெதுவெதுப்பான கடலுக்குப் போதும். குதிகால் திறந்து, வார் போட்டு இறுக்கும் வகை மற்றொன்று. இதற்குத் தனியாகக் காலணி வேண்டும். பாறையிலும் படகிலும் நாள் முழுதும் நடமாடுகிறவர்களுக்கு இரண்டாவது வகைதான் நல்லது. விரல் நெரியவும் கூடாது. கழன்று போகவும் கூடாது. இறுக்கமான செருப்பு காலில் கொப்புளத்தையும் தசைப்பிடிப்பையும் கொடுக்கும். நீருக்கடியில் காலில் தசை பிடித்துக்கொண்டால் கரைக்கு வருவது பெரும்பாடு.

மூன்றாவது, உடம்பை மூடும் உடை. நம் கடல்நீரின் வெப்பம் பெரும்பாலும் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். “சூடான கடலில் உடை எதற்கு?” என்று கேட்கலாம். நம் உடம்பின் சூடு 37 டிகிரி. காற்றைக் காட்டிலும் நீர் இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும். மழையில் நனைந்துகொண்டு வேலை செய்தவர்களுக்கு இது புத்தகம் படிக்காமலே தெரியும். ஒரு முறை இறங்கி ஏறுகிறவருக்கு நீண்ட கை வைத்த மெல்லிய நீச்சல் சட்டையே போதும். ஒரு நாளில் மூன்று முறை இறங்கும் வேலைக்காரருக்கு 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள உடை வேண்டும். அந்த உடை நியோபிரீன் என்னும் செயற்கை ரப்பரால் ஆனது. 1930-இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தது. பால்மரத்தோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நமக்கு, ரப்பரை எப்படிக் காக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

சிறிய சாமான், பெரிய காவல்

இந்த இடத்தில் கடைக்காரர்கள் அதிகம் பேசாத சில சிறு சாமான்களைச் சொல்லியாக வேண்டும். எஸ்.எம்.பி. என்று அழைக்கப்படும் நீண்ட காற்றுப் பை ஒன்று. ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். மேலே வருவதற்கு முன் அதில் காற்றை நிரப்பி மேலே அனுப்பினால், நீருக்கு மேல் கம்பம்போல் நிற்கும். “இங்கே ஆள் இருக்கிறார்” என்று படகுக்காரருக்குத் தெரியும். அலை நடுவில் ஒரு மனிதத் தலை தேங்காய் அளவுதான் தெரியும். படகின் காற்றாடி அதைப் பார்த்துக்கொண்டு நிற்காது. இந்தப் பையோடு ஒரு விசில், ஒரு சிறு விளக்கு, அறுந்த மீன்வலையும் தூண்டில் நரம்பும் சிக்கினால் வெட்ட ஒரு சிறு கத்தி. இவை எல்லாம் சேர்ந்தாலும் ஒரு முகக் கண்ணாடியின் விலையைவிட அதிகம் தாண்டாது. எஸ்.எம்.பி.யை நீருக்கடியிலிருந்து விடுவதற்கு மட்டும் பயிற்சி வேண்டும். கயிறு கையில் சுற்றிக்கொண்டால் ஆளையே மேலே இழுத்துவிடும்.

நான்காவது, கையில் கட்டும் கணக்குப்பிள்ளை

அடுத்து மிதவை அங்கியா, ரெகுலேட்டரா என்று பலர் தடுமாறுவார்கள். அனுபவசாலிகளில் பலர் சொல்வது வேறு. அதற்கு முன்னால் டைவ் கம்ப்யூட்டரை வாங்கு என்கிறார்கள். கைக்கடிகாரம்போல் கட்டிக்கொள்ளும் கருவி அது.

சோடா பாட்டிலை மூடியோடு பார்த்தால் உள்ளே குமிழ் தெரிவதில்லை. சட்டென்று திறந்தால் பொங்கி வழிகிறது. மெல்லத் திறந்தால் அடங்கி வருகிறது. முக்குளிப்பவர் உடம்பிலும் இதுதான் நடக்கிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். ஆழத்தில் அது இரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேரும். அவசரமாக மேலே வந்தால் குமிழாகிவிடும். மூட்டு வலி, மரத்துப்போதல், வாதம், சில வேளைகளில் மரணம்கூட. இதற்குச் சிகிச்சை அழுத்த அறையில்தான். பெயர்பெற்ற அழுத்த அறை பேராக் மாநிலத்தில் லூமுட்டில், ஆயுதப்படை மருத்துவமனையில் இருக்கிறது. கிழக்குக் கரைத் தீவிலிருந்து மேற்குக் கரைக்கு எவ்வளவு தூரம் என்று நினைத்துப் பாருங்கள்!

எத்தனை ஆழத்தில் எத்தனை நிமிடம் இருந்தோம், இன்னும் எவ்வளவு நேரம் இருக்கலாம், எவ்வளவு மெதுவாக மேலே வர வேண்டும் என்பதையெல்லாம் இந்தக் கருவி கணக்கு வைக்கும். காலையில் இறங்கியதையும் மாலையில் இறங்கப்போவதையும் சேர்த்துக் கணக்குப் போடும். ஆகவே இது ஒருவருக்கு ஒன்று. காலையில் அண்ணன் கட்டியதை மாலையில் தம்பி கட்டினால் கணக்கு பொய்யாகிவிடும். அப்படியிருந்தாலும், நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறாமல், 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்று வருவதை வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் குடும்பங்களுக்கு ஒரு சிறப்பு எச்சரிக்கை. முக்குளித்த உடனே விமானம் ஏறக் கூடாது என்பது பலருக்குத் தெரியும். ஒரு முறை மட்டும் இறங்கியவர் 12 மணி நேரமும், பல முறை இறங்கியவர் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு அமைப்புகளின் அறிவுரை. ஆனால் மலைக்கும் இது பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது. கேமரன் மலையில் தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. கெந்திங் அதைவிட உயரம். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை தீவிலிருந்து இறங்கி, அன்று இரவே பஸ் பிடித்து மலைக்கு ஏறிவிடக் கூடாது. ஒரு நாள் முழுதும் கீழே தங்கிவிட்டு ஏறட்டும்.

ஐந்தாவது ரெகுலேட்டர், ஆறாவது மிதவை அங்கி

இப்போது பெரிய செலவுக்கு வருகிறோம். கார் டயரில் இருக்கும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 2 பார். முதுகில் சுமக்கும் தோம்பிலோ 200 பார். அதைச் சாதாரண மூச்சுக்காற்றாக மாற்றிக் கொடுப்பதுதான் ரெகுலேட்டர். இரண்டு படியில் குறைக்கிறது: தோம்பின் தலையில் ஒரு படி, வாயில் கடிக்கும் இடத்தில் ஒரு படி. துணைவருக்கு ஆபத்தென்றால் கொடுக்க இன்னொரு வாய்க்கருவியும், மீதிக் காற்றைக் காட்டும் மானியும் அதோடு சேர்ந்தவை.

உயிர் இதில்தான் தொங்குகிறது. அப்படியானால் இதைத்தானே முதலில் வாங்க வேண்டும் என்று தோன்றும். இல்லை. ரெகுலேட்டரை வாங்குவதோடு செலவு முடிவதில்லை. ஆண்டுக்கு ஒரு முறை, அல்லது தயாரிப்பாளர் சொல்லும் கணக்குப்படி, பிரித்துச் சுத்தம் செய்து வளையங்களை மாற்ற வேண்டும். அதை அந்த வேலை தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். மோட்டார் சைக்கிள் கடையில் கொடுத்துப் பார்ப்பதற்கில்லை. ஆண்டுக்கு இரண்டு நாள் தீவுக்குப் போகிறவருக்கு, ஒழுங்காகப் பராமரிக்கும் நல்ல கடையின் வாடகை ரெகுலேட்டரே பாதுகாப்பும் சிக்கனமும் ஆகும். வாரந்தோறும் இறங்கும் வேலைக்காரருக்குத்தான் சொந்தமாக வாங்குவது பொருந்தும்.

பழைய சாமான் வாங்கலாமா என்று கேட்பீர்கள். துடுப்புச் செருப்பைப் பழையதாக வாங்கலாம். கிழிசல் இல்லையா என்று பார்த்தால் போதும். பழைய ரெகுலேட்டர் மலிவாகக் கிடைத்தால், அதைச் சோதித்துப் பழுது பார்க்கும் செலவையும் கூட்டிப் பாருங்கள். உதிரிப்பாகம் கிடைக்காத பழைய வகை என்றால், இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பி.சி.டி. என்னும் மிதவை அங்கி, காற்றை நிரப்பியும் வெளியேற்றியும் நாம் மிதக்கவும் மூழ்கவும் நடுநீரில் நிலைத்து நிற்கவும் உதவுவது. தோம்பைத் தாங்குவதும் இதுவே. அளவு முக்கியம்தான். ஆனால் கடைகளில் பல அளவுகளில் வாடகைக்கு இருக்கும். ஆகவே இது ரெகுலேட்டருக்குப் பிறகு வந்தால் போதும்.

கடைசியில் தோம்பு

“எல்லாம் வாங்கியாச்சு, தோம்பை மட்டும் ஏன் விடணும்?” என்று என் மாணவனும் கேட்டான்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைப் போக்க வேண்டும். அதில் இருப்பது ஆக்சிஜன் அல்ல. நாம் சுவாசிக்கும் இதே காற்றைத்தான் வடிகட்டி, அமுக்கி அடைத்திருக்கிறார்கள். பரவலாக வழங்கும் அலுமினியத் தோம்பு காலியாகவே 14 கிலோவுக்கு அருகில் எடை. அதற்குள் 2,200 லிட்டர் காற்று அடங்கும். அந்தக் காற்றே ஏறத்தாழ இரண்டரை கிலோ!

பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்ல கணக்கு ஒன்று இதில் இருக்கிறது. ஒருவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பதாக வைத்துக்கொள்வோம். தரையில் இந்தத் தோம்பு 110 நிமிடம் வரும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு என்பதால் 55 நிமிடம். 20 மீட்டரில் 36 நிமிடம். 30 மீட்டரில் 27 நிமிடம். இதிலும் கடைசிக் கால் பங்கைத் தொடாமல் மேலே வந்துவிட வேண்டும். ஆழம் கூடக் கூட நேரம் குறைகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் கரும்பலகையில் காட்ட முடியாது.

தோம்பை ஏன் வாங்க வேண்டாம்? தீவில் முக்குளிக்கப் போனால் தோம்பும் காற்றும் பெரும்பாலும் கட்டணத்துக்குள்ளேயே அடங்கிவிடும். சொந்தத் தோம்பு என்றால் ஆண்டுதோறும் உள்ளே துரு உண்டா என்று பார்க்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை நீரழுத்தச் சோதனை செய்ய வேண்டும். நிரப்புவதற்கு நல்ல கம்ப்ரஸர் வேண்டும். கம்ப்ரஸரின் காற்று வாய்க்குப் பக்கத்தில் எஞ்சின் புகை இருந்தால், அந்தப் புகையும் தோம்புக்குள் போய்விடும். கார்பன் மோனாக்ஸைடு என்னும் அந்த நஞ்சுக்கு மணம் கிடையாது. ஆழத்தில் அது ஆளை மயக்கிக் கொன்றுவிடும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரில் குழாய் மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவதும் இதே ஆபத்துதான். அதை யார் செய்யச் சொன்னாலும், எவ்வளவு கூலி கொடுத்தாலும், பிள்ளைகளைப் போகவிடாதீர்கள்.

சாமானின் ஆயுள் கழுவுவதில்

உளியைத் தீட்டித் துடைத்து வைத்த பால்வெட்டுக்காரரின் கைக்குத்தான் மரம் நன்றாகப் பால் தரும் என்பார்கள். முக்குளிப்புச் சாமானுக்கும் அப்படித்தான். ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பைப் போக்க வேண்டும். நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் ரப்பர் வெடிக்கும். ரெகுலேட்டரைக் கழுவும்போது தலையின் மூடியை இறுக்கிவிட்டுத்தான் கழுவ வேண்டும்; உள்ளே தண்ணீர் போகக் கூடாது. கிழக்குக் கரையில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பருவமழையும் பெருங்காற்றும். பல கடைகள் மூடிவிடும். அந்த மாதங்களில் சாமான் லயத்து வீட்டு மூலையில் மடித்துக் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும், எலி கடிக்கும். காற்றோட்டமாகத் தொங்கவிட்டு, பருவம் தொடங்குமுன் ஒரு முறை சோதித்துவிட்டுப் புறப்படட்டும்.

வெட்டி வைத்துக்கொள்ள விரும்புவோருக்காக வரிசையைச் சுருக்கித் தருகிறேன்:

1. பயிற்சியும் டாக்டர் சோதனையும்
2. முகக் கண்ணாடி, ஸ்நோர்கல்
3. துடுப்புச் செருப்பு
4. உடை, அதோடு எஸ்.எம்.பி., விசில், விளக்கு, சிறு கத்தி
5. டைவ் கம்ப்யூட்டர்
6. ரெகுலேட்டர்
7. மிதவை அங்கி
8. தோம்பு: பெரும்பாலோருக்குத் தேவையே இல்லை

என் மாணவன் முதல் பருவத்தில் நான்காம் எண் வரைதான் வாங்கினான். அதுவும் தன் சம்பளத்தில். மற்றவற்றைக் கடையில் வாடகைக்கு எடுத்துக்கொண்டான். கம்ப்யூட்டர் இரண்டாம் பருவத்தில் வந்தது. இப்போது ரெகுலேட்டருக்காக மாதம் ஒரு தொகையைத் தனியே எடுத்து வைக்கிறான். அம்மாவின் சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே இருக்கிறது. கூட்டு எடுக்கவில்லை, வட்டிக்காரர் வாசலையும் மிதிக்கவில்லை.

பெற்றோர்களே, ஒரு வார்த்தை. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த நம் முன்னோர்கள், இடுப்புக் கயிற்றின் மறுமுனையை மைத்துனன் கையில் கொடுப்பார்கள் என்று சொல்வதுண்டு. தங்கை தாலி அவன் கையில் அல்லவா இருக்கிறது! இன்றைய முக்குளிப்பில் கயிறு இல்லை. ஆனால் துணை உண்டு. தனியாக இறங்கக் கூடாது என்பதும், இறங்குமுன் ஒருவர் சாமானை மற்றவர் சோதிக்க வேண்டும் என்பதும் இன்றைக்கும் விதி. உங்கள் மகனோ மகளோ கடலுக்குப் போகிறேன் என்று வந்து நின்றால், “என்ன விலை?” என்று கேட்பதற்கு முன்னால், “யார் கற்றுக்கொடுக்கிறார்? உன்னோடு இறங்குவது யார்? மேலே படகில் இருப்பது யார்?” என்று கேளுங்கள். அந்த மூன்றுக்கும் நேரான பதில் வந்தால், முகக் கண்ணாடிக்குப் பணம் கொடுத்து வழியனுப்புங்கள்.